கன்றின் விலையும் கனியின் விலையும்

உழைத்து உண்பதை உயர்வாகப் போற்றும் மார்க்கம் இஸ்லாம். காலத்துக்குக் காலம் உழைப்பின் வடிவம் மட்டுமே மாறுகிறது. பாய் நெய்தவரின் பேரன் இன்று கணிப்பொறியின் முன் அமர்ந்து இணையதளம் அமைக்கிறான். அமைத்ததை ஏலத்தில் விற்கிறான். ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் 2009-ஆம் ஆண்டு தோன்றிய ஃப்ளிப்பா என்னும் நிறுவனம் இத்தகைய தளங்களின் விற்பனைக்கெனவே அமைந்த சந்தையாகும். அங்கே ஏலமும் நடைபெறுகிறது. புதிதாய் ஒரு தளத்தைக் கட்டி அதன் வாயிலில் நிற்கும் இளைஞனுக்கு எழும் முதல் வினா, 'இதற்கு என்ன விலை சொல்வது?' என்பதாகும்.

ஏலம் நம் மார்க்கத்துக்கு அந்நியமானதன்று. உதவி நாடி வந்த அன்ஸாரித் தோழர் ஒருவரின் வீட்டிலிருந்த முரட்டுத் துணியையும் நீர்க் குவளையையும் பெருமானார் (ஸல்) அவர்களே ஏலம் விட்ட செய்தி அபூதாவூது நூலில் காணப்படுகிறது. ஒருவர் 1 திர்ஹம் கேட்டார். கூடுதலாகத் தருபவர் உண்டோ என வினவியபின் மற்றொருவர் 2 திர்ஹம் தந்து பெற்றுக்கொண்டார். பழைய துணி பழைய துணியாகவே அங்கு வைக்கப்பட்டது. வாங்குவோர் அதைக் கண்ணால் கண்டே விலை கேட்டனர்.

இணையதளத்தின் நிலை வேறு. சில ஆண்டுகள் நடந்து வருவாய் ஈட்டிய தளமாயின், அதன் மாத நிகர வருவாயைக் குறிப்பிட்ட மாதங்களின் எண்ணிக்கையால் பெருக்கி விலை மதிப்பது வழக்கம். நேற்றுப் பிறந்த தளத்துக்கோ வருவாயே இல்லை. சுழியை எந்த எண்ணால் பெருக்கினாலும் சுழிதானே! இவ்விடத்தில்தான் ஷைத்தான் காதோடு ஓதுகின்றான்: 'மாதம் இருபதாயிரம் வரும் என்று எழுது, விலை தானே ஏறும்.'

பழம் முற்றுமுன் அதை விற்பதை நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். இறைவன் அக்கனியைத் தராது தடுத்துவிட்டால், சகோதரனின் பொருளை எந்த நியாயத்தால் எடுத்துக்கொள்வீர் என்னும் கருத்துப்பட அவர்கள் கேட்டதை அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். புதிய தளம் ஒரு மரக்கன்று. கன்றைக் கன்றென்று சொல்லி விற்பதில் குற்றமில்லை. காணாத கனிக்கு விலை கூறுவதே குற்றம்.

கன்றின் விலையைக் கணக்கிடுவது எளிது. எடுத்துக்காட்டாக, தளப் பெயரின் பதிவுக் கட்டணம் ரூ.1,000, கட்டுரைக்கும் படத்துக்கும் செலவு ரூ.3,000, 40 மணி நேர உழைப்புக்கு மணிக்கு ரூ.200 வீதம் ரூ.8,000, ஆக ரூ.12,000. இதற்குக் குறைந்தால் விற்பதில்லை என எல்லை குறிப்பது விற்பவனின் உரிமை. உண்மை அனைத்தையும் அறிந்த ஒருவர், தம் திறமையை நம்பி ரூ.50,000 கேட்பாராயின் அதுவும் ஆகுமானதே. கனவு வாங்குபவருக்கு உரியது; விற்பவன் அதைச் சரக்காக்கக் கூடாது.

நண்பனை ஏவிப் பொய்யாக விலையேற்றச் செய்வது 'நஜ்ஷ்' எனப்படும். இதனை நபிகளார் வெளிப்படையாகத் தடுத்துள்ளார்கள். வேறு பெயரில் தானே விலை கேட்பதும் அவ்வினமே. இயந்திரங்களை ஏவி வருகையாளர் தொகையைப் பெருக்கிக் காட்டுவதும், பிறர் கட்டுரையைப் படியெடுத்துச் சொந்தமென விற்பதும் பச்சை வஞ்சனை.

'விலையைச் சந்தை தீர்மானிக்கிறது. விழிப்பாயிருப்பது வாங்குபவன் பொறுப்பு' என்பர் சிலர். மதீனாவில் விலையேறியபோது விலை வரையறுக்க நபிகளார் மறுத்தது மெய்யே. ஆயினும் அதே நபிகளார்தாம் கடைவீதியில் தானியக் குவியலுக்குள் கரம் விட்டு, அடியில் மறைந்திருந்த ஈரத்தை வெளிப்படுத்தினார்கள். ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவரல்லர் என எச்சரித்தார்கள். விலையில் சுதந்திரம் உண்டு, மறைப்பதில் இல்லை.

கணிப்பொறித் திரைக்குள் கரம் விட்டுப் பார்க்க எவராலும் இயலாது. ஆகவே, விற்பவனின் சொல்லே வாங்குபவனின் கண்ணாகிறது. அந்தக் கண்ணை நம்பிப் பணம் தருபவர், கடல் கடந்து உழைத்துச் சேர்த்ததைக் கொண்டு இனி வீட்டோடு பிழைக்க எண்ணும் ஒரு குடும்பத் தலைவராகவும் இருக்கலாம். 'இத்தளம் தொடங்கி ஒரு மாதமே ஆயிற்று, வருவாய் இல்லை, பெயருக்கு ஆண்டுதோறும் கட்டணம் உண்டு' என மூன்று வரிகளை முதலிலேயே எழுதிவிடுக. தொகை சற்றுக் குறையலாம்; ஆனால் மெய்யுரைத்துக் குறையை வெளிப்படுத்தும் இருவரின் வாணிபத்தில்தான் பரக்கத் உண்டென்பது நபிமொழி தரும் உறுதி.

பெற்றோரே! பிள்ளைகள் கொண்டுவரும் பணத்தை எண்ணுமுன், அது வந்த வழியைக் கேளுங்கள். தூய வருவாயை நம் இல்லங்கள் அனைத்துக்கும் வல்ல அல்லாஹ் அருள்வானாக! ஆமீன்.