நிழலில் என்ன பூக்கும்?

ஈப்போவில் வேலை பார்க்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அம்மா சித்தியவானில் இருக்கிறார். முப்பது வருடம் தோட்டத்து லயத்தில் இருந்தவர். வாசலில் மல்லிகை, கனகாம்பரம் எல்லாம் வைத்திருந்தார். இப்போது தாமான் வரிசை வீடு. முன்பக்கம் முழுக்கச் சிமெண்டு, கார் நிற்கிறது. பின்பக்கம் ஒரு துண்டு மண்தான், அதிலும் வெயில் இல்லை. வைத்த மல்லிகை எல்லாம் செத்துவிட்டது. அம்மா இப்போது பின்கதவைத் திறப்பதுகூட இல்லை. ஹெல்லெபோர் என்ற பூ நிழலில் பூக்கும் என்கிறார்கள். இணையத்தில் விதை விற்கிறார்கள். வாங்கலாமா?"

வாங்காதீர்கள், தம்பி. படத்தில் பார்த்தால் ஆசை வரும்தான். கருஞ்சிவப்பு, வெளிர்பச்சை, புள்ளி போட்ட வெள்ளை என்று தலை கவிழ்ந்து நிற்கும் பூ. நாம் இதழ் என்று நினைப்பது உண்மையில் புல்லிவட்டம். அதனால்தான் வாரக்கணக்கில் உதிராமல் நிற்கிறது. ஆனால் அதன் சொந்த ஊர் ஐரோப்பாவும் மேற்கு ஆசியாவும். அங்கே குளிர்காலம் முடிகிற நேரத்தில் பூக்கும். விதை முளைக்கவே முதலில் சில வாரம் வெதுவெதுப்பும், அடுத்துப் பல வாரம் கடுங்குளிரும் வேண்டும். பறித்துக் காயவைத்துப் பொட்டலம் போட்ட விதைக்கு முளைக்கும் திறனும் வேகமாகக் குறைந்துவிடும். முளைத்தாலும் முதல் பூவுக்கு ஏறக்குறைய மூன்று வருடம் காத்திருக்க வேண்டும். கேமரன் மலையில்கூட இதற்குப் போதுமான குளிர்காலம் கிடையாது. கடலோரச் சித்தியவானின் வெக்கையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். போதாததற்கு வேர் முதல் விதை வரை விஷம்.

நம் ஊர்க் காடே நிழற்காடுதான். நிழலில் வளரும் செடிக்கு நாம் ஐரோப்பா வரை போக வேண்டியதில்லை.

முதலில் வெளிச்சத்தை அளந்து பாருங்கள். நண்பகலில் அந்த மண்ணின் மேல் ஒரு வெள்ளைத் தாளை வைத்து, ஒரு அடி உயரத்தில் கையை நீட்டுங்கள். கையின் நிழல் விரல் விரலாகத் தெரிந்தால் அது நல்ல வெளிச்சம். மங்கலான ஓர் உருவம் மட்டும் விழுந்தால் நடுத்தரம். ஒன்றுமே விழாவிட்டால்தான் உண்மையான இருட்டு. பலர் இருட்டு என்று சொல்லும் இடம் சோதித்துப் பார்த்தால் நடுத்தரமாகத்தான் இருக்கிறது. இன்னொன்று, நாம் நிலநடுக்கோட்டுக்கு நான்கு பாகை வடக்கே இருக்கிறோம். ஜூனில் உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும், டிசம்பரில் தெற்கே. பின்சுவர் வடக்கு பார்த்த வீட்டில் ஆண்டின் நடுவிலும், தெற்கு பார்த்த வீட்டில் ஆண்டுக் கடைசியிலும் வெயில் எட்டிப் பார்க்கும். ஒரு மாதம் மட்டும் பார்த்துவிட்டு முடிவு செய்யக்கூடாது.

ஹெல்லெபோரின் கருமைதான் உங்களை இழுத்தது என்றால், வௌவால் பூவைத் தேடுங்கள். தாக்கா என்று கேட்டால் நர்சரிக்காரருக்குத் தெரியும். ஏறக்குறையக் கறுப்பான பூ, இரண்டு பக்கமும் சிறகு விரித்த மாதிரி, கீழே பூனை மீசைபோல நீண்ட இழைகள். முதன்முறை பார்க்கிறவர்கள் பிளாஸ்டிக் என்றுதான் நினைப்பார்கள். வெள்ளைச் சிறகு உள்ள இன்னொரு வகையும் உண்டு. இரண்டும் தீபகற்ப மலேசியாவின் காட்டு நிழலிலேயே வளர்பவை. நேர்வெயில் பட்டால் இலை கருகும், வேரில் தண்ணீர் தேங்கினால் அழுகும். மற்றபடி அதிகம் படுத்தாது.

இலையே பூவாக இருக்கட்டும் என்றால் அக்லோனிமா. இந்தோனேசியாவின் கிரெக் ஹம்பாலி உருவாக்கிய 'பிரைட் ஆஃப் சுமத்ரா'வுக்குப் பிறகுதான் சிவப்பு அக்லோனிமா மோகம் கிளம்பியது. கடையில் சிவப்பைப் பார்த்து மயங்கி வாங்கி இருட்டில் வைத்தால் சில மாதத்தில் நிறம் வெளுத்துப்போகும். கரும்பச்சையில் வெள்ளிக்கோடு போட்ட பழைய வகைதான் இருட்டைத் தாங்கும், விலையும் குறைவு. வாங்கும்போது இலையைத் திருப்பி மாவுப்பூச்சி இருக்கிறதா என்று பாருங்கள். தண்டின் அடியை விரலால் அழுத்துங்கள். கொழகொழவென்று இருந்தால் எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் வேண்டாம்.

காசே செலவில்லாத அழகு ஒன்றை அம்மா பார்த்திருக்கக்கூடும். ரப்பர் மர நிழலில், கால்வாய் ஓரத்தில் நீலமாக மினுங்கும் பெரணி போன்ற செடி. மலாய்க்காரர்கள் பாக்கு மெராக், அதாவது மயில் பெரணி என்பார்கள். நிழலில் இருக்கும்வரைதான் அந்த நீலம். வெயிலுக்குக் கொண்டுவந்தால் சாதாரணப் பச்சையாகிவிடும். வெயில் இல்லாததையே அழகாக்கிக்கொண்ட செடி என்று எனக்கு அதன்மேல் தனிப் பிரியம்.

மண் விஷயத்தில் சித்தியவான்காரர்கள் கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டும். தாமான் வீட்டுப் பின்புற மண் பெரும்பாலும் கொட்டி நிரப்பிய களிமண். அதில் நேரடியாக நட்டால் மழைக்காலத்தில் வேர் மூச்சுத் திணறும். சுட்ட மண், தேங்காய் நார்த்தூள், மக்கிய இலை மூன்றும் சம அளவு, மேலே ஒரு கை ஆட்டுப் புழுக்கை என்று கலந்து, தொட்டியிலோ செங்கல் வைத்து உயர்த்திய பாத்தியிலோ நடுங்கள். தொட்டிக்கு அடியில் தட்டு வேண்டாம். தட்டில் தண்ணீர் நின்றால் ஏடிஸ் கொசு வரும், கொசுவுக்குப் பின்னால் 1975ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு சுகாதார அதிகாரியும் வருவார். இலைக்குடுவையில் நீர் பிடிக்கும் புரோமிலியாட் செடிகளை இந்தக் காரணத்துக்காகவே நான் யாருக்கும் சொல்வதில்லை.

பேரப்பிள்ளைகள் வந்துபோகும் வீடு என்றால் இதையும் கேட்டுக்கொள்ளுங்கள். அக்லோனிமா, கலாடியம், டீஃபன்பாக்கியா, பீஸ் லில்லி எல்லாமே சேம்புக் குடும்பம். சரியாக வேகாத கருணைக்கிழங்கு நாக்கை அரிக்குமே, அதே கால்சியம் ஆக்சலேட் ஊசிகள் இவற்றின் இலையிலும் தண்டிலும் இருக்கின்றன. குழந்தை கடித்தால் வாய் எரியும், உதடு வீங்கும். உடனே வாயைக் கழுவி, துடைத்து, கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். இந்தச் செடிகளைத் தவழும் பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் வைத்துவிட்டால் பிரச்சினை இல்லை.

ஆனால் உங்கள் அம்மாவுக்கு என்று கேட்டால், அலங்காரச் செடி எதுவும் என் முதல் தேர்வு இல்லை. பறித்துப் புழங்கிப் பழகிய கைக்குப் பறிக்க ஏதாவது வேண்டும். வெற்றிலைக்கொடி வையுங்கள். தமிழ்நாட்டில் வெற்றிலைக் கொடிக்காலில் அகத்தி நட்டு, அதன் நிழலில்தான் கொடியை ஏற்றுவார்கள். அந்த நிழல் உங்கள் பின்சுவரில் இலவசமாகவே கிடைக்கிறது. வெள்ளிக்கிழமை சாமிக்கு வைக்க ஆகும், பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா கல்யாணத்துக்குச் சீரே கேட்டு வந்தாலும் கொடுக்கலாம். அதன் காலடியில் கச்சோலம், நம் வாயில் செக்கூர். தரையோடு படர்ந்து அரை நிழலில் சுகமாக வளரும். இளம் இலையைப் பச்சையாகவே சாப்பிடலாம், குழந்தைகளுக்கும் பயமில்லை.

வெற்றிலைக்கு நர்சரி வேண்டாம். தெரிந்தவர் வீட்டில் முற்றிய கொடியாகப் பார்த்து, நான்கு கணு உள்ள துண்டு நறுக்கி வாங்குங்கள். இரண்டு கணு மண்ணுக்குள், இரண்டு மேலே. சுவரில் ஏற ஒரு தேங்காய் நார்க் கம்பு. புதுத் துளிர் வரும்வரை மண் ஈரமாக இருந்தால் போதும், சேறாக வேண்டாம். இரண்டு துண்டாக நடுங்கள், ஒன்று பிடிக்காவிட்டாலும் மற்றது பிடிக்கும். எந்த மூலையில் நடுவது என்பதை மட்டும் அம்மாவிடமே கேளுங்கள்.