பி1 சான்றிதழும் பாதி மொழியும்

திருவனந்தபுரத்தில் ஜெர்மன் கற்கும் மாணவரிடம், அம்மொழியில் எதை வாசித்தீர்கள் என்று எவரும் கேட்பதில்லை. 'பி1 முடிந்ததா?' என்பதே கேள்வி. நோர்க்கா ரூட்ஸும் ஜெர்மனியின் கூட்டாட்சி வேலைவாய்ப்பு முகமையும் 2021 டிசம்பரில் 'டிரிப்பிள் வின்' உடன்படிக்கை செய்துகொண்டன. அதன்பின் செவிலியர் பட்டம் பெற்ற பலருக்கு அம்மொழி வெளிநாடு செல்லும் வாயிலாகவே தெரிகிறது. இதில் வெட்கப்பட எதுவும் இல்லை. வேலைக்காக மொழி கற்பதை இழிவாகப் பேசும் பேராசிரியர்கள், மாதச் சம்பளத்தின் நிழலில் அமர்ந்து பேசுகிறார்கள்.

பிழை வேறிடத்தில் உள்ளது. இலக்கியமும் பண்பாடும் பட்ட மாணவர்க்கு, வேலை தேடுவோருக்கு வாக்கிய அமைப்பும் மாதிரி வினாத்தாளும் போதும் என்றொரு பிரிவினையைக் கல்லூரிகள் கேள்வியின்றி ஏற்றுக்கொண்டுவிட்டன. வேலைவாய்ப்பு என்னும் அளவுகோலைக் கொண்டு பார்த்தாலும் இப்பிரிவினை தேறாது.

கதே நிறுவனத்தின் பி1 தேர்வில் வாசித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் என நான்கு பகுதிகள். ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு அறுபது பெற்றால் தேர்ச்சி. இனி இரவுப் பணியில் இருக்கும் செவிலியரை எண்ணிப் பார்க்கலாம். அவர் முன்னே தொண்ணூறு வயது மூதாட்டி. பேசுவது பாடநூல் ஜெர்மன் அன்று, ஊர்வழக்கு. நினைவு தடுமாறும் அவர் தெருவில் சைரன் ஒலித்தால் நடுங்குகிறார்; இரண்டாம் உலகப் போரைக் குழந்தையாகக் கண்டவர். நெய்யாற்றின்கரையில் அத்தகைய முதியவரை 'அம்மச்சி' என்பதும், நாகர்கோவிலில் 'பாட்டி' என்பதும் அன்பு. ஜெர்மானிய மருத்துவமனையில் குடும்பப் பெயரோடு 'திருமதி' சேர்த்து அழைப்பதே மரியாதை. 'பாட்டி' என்பது சிறுமைப்படுத்தலாகக் கொள்ளப்படும். எந்த வினாத்தாளும் இவற்றைச் சொல்லித் தருவதில்லை. ஆனால் அச்செவிலியரின் வேலையே இதுதான்.

இது கலைத்துறைக்காரரின் ஆசை என்று ஒதுக்கவும் இயலாது. ஏ1 முதல் சி2 வரையிலான ஆறு நிலைகளை வகுத்து ஐரோப்பிய மன்றம் 2001இல் வெளியிட்ட பொதுச் சட்டகமே, சமூகப் பண்பாட்டு அறிவை மொழி பயன்படுத்துவோருக்கு வேண்டிய திறன்களுள் ஒன்றாகக் கூறுகிறது. அச்சட்டகத்தின் எண்களை மட்டும் பெயர்த்தெடுத்துக்கொண்டு, பொருளை விட்டுவிட்டோம்.

கடன் வாங்கிப் படித்தவருக்கு இலக்கியம் வாசிக்க நேரமேது என்று கேட்கப்படும். நியாயமான கேள்வி. ஆயின் இந்த அறிவு இல்லாதபோது முதலில் இழப்பவரும் அவரே. வேலையை இடையில் விட்டால் செலவைத் திருப்பித் தரவேண்டும் என்னும் விதி ஒப்பந்தத்தில் இருந்தால் அதைக் கண்டுணரவும், தொழிற்சங்கத்தை அணுகவும், மேலதிகாரியிடம் மறுப்பை முறையாகச் சொல்லவும் அவருக்கு அந்நாட்டின் நடைமுறை தெரிந்திருக்க வேண்டும். பாதி மொழியோடு செல்பவர் கீழ்ப்படியத்தக்க அளவு மட்டுமே மொழி அறிந்தவர்.

தொழில் நோக்கமும் ஆழமும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதற்குக் கேரளத்திலேயே சான்று உண்டு. ஹெர்மன் குண்டர்ட் 1836இல் சென்னை வந்து முதலில் தமிழ் கற்றார். பின் தலச்சேரியில் மலையாளத்தில் மூழ்கினார். சமயப் பணியே அவர் தொழில். ஆனால் அத்தொழிலைச் செய்யவே பழமொழிகளும் சுவடிகளும் மக்கள் வழக்கும் தமக்கு வேண்டும் என்று அவர் உணர்ந்தார். 1872இல் வெளிவந்த அவருடைய மலையாள அகராதி அந்த உணர்வின் விளைவு. இங்கு வந்த ஜெர்மானியருக்குத் தேவைப்பட்ட ஆழம், அங்கு செல்லும் நம் பெண்களுக்கு மட்டும் எப்படி ஆடம்பரமாகும்?

கேரளப் பல்கலைக்கழகத்தில் ஜெர்மன் துறையும் உண்டு, ரஷ்யத் துறையும் உண்டு. 2024 ஜூலையில் தொடங்கிய நான்காண்டுப் பட்டப்படிப்பு, துறை கடந்த பாடங்களுக்கு இடம் தருகிறது. முதுமை, பேச்சு வழக்கு, தொழிலாளர் உரிமை, போர் நினைவு ஆகியவற்றைச் சிறுகதை வழியாகவும் செய்தித்தாள் வழியாகவும் கற்பிக்கும் ஒரு தாளை மொழித் துறைகள் வகுக்கட்டும். செவிலியர் கல்லூரி மாணவர்களுக்கும் கதவைத் திறக்கட்டும். மொழியைப் பயிற்சி மையங்களிடம் ஒப்படைத்துவிட்டு, வகுப்பில் மாணவர் குறைகிறார்கள் என்று புலம்பும் உரிமை எந்தத் துறைக்கும் இல்லை.