வயல்வேலியும் வரலாறே!
(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. தாவரவியல்)

வரலாறு என்றதும் கோட்டை கொத்தளங்களும் கோயில்களும் கல்வெட்டுகளுமே நம் கண்முன் நிற்கின்றன. ஒரு வயல்வேலி வரலாற்றுச் சின்னமாகுமா? ஆகும் என்பதே என் துணிபு. இங்கிலாந்து நாட்டு வயல்களே அதற்குச் சான்று.

இடைக்காலத்தில் அந்நாட்டின் நடுப்பகுதி ஊர்களில் வயல்களுக்கு வேலி கிடையாது. பரந்த வெளியில் குடியானவர் ஒவ்வொருவருக்கும் நீண்ட துண்டு நிலங்கள் இருந்தன. அறுவடை முடிந்தபின் ஊர் மாடுகள் அங்கே மேய்ந்தன. பொது நிலத்தில் ஏழைகளுக்கு மேய்ச்சலும் விறகும் கிடைத்தன. பின்னர், ஆட்டுக் கம்பளியின் இலாபத்திற்காகவும் விளைச்சலைப் பெருக்கவும் நிலங்கள் வேலியிட்டு அடைக்கப்பட்டன. 1604 முதல் 1914 வரை பாராளுமன்றம் இயற்றிய 5,200-க்கும் மேற்பட்ட சட்டங்கள் ஏறத்தாழ 68 இலட்சம் ஏக்கரைத் தொட்டன. இது இங்கிலாந்தின் பரப்பில் ஐந்தில் ஒரு பங்கு!

இதன் தடயங்கள் இன்றும் உள்ளன. வெயில் சாயும் வேளையில், புல்வெளிகளில் பழைய உழவு மேடுகள் அலை அலையாகத் தெரிகின்றன. நீண்ட எருதுப் பூட்டைத் திருப்புவதற்காக வளைத்து உழுததால் அவை வளைந்து கிடக்கின்றன. அவற்றின் குறுக்கே, நில அளவையாளர் வகுத்த முள்வேலி நேர்கோடாக ஓடுகிறது. உழவு முந்தியது, வேலி பிந்தியது என்பதை அறிய ஏடு எதற்கு? யார்க்ஷயரில் வாரம் பெர்சி என்னும் ஊர் 1500-ஆம் ஆண்டை ஒட்டி ஆட்டு மேய்ச்சலுக்காகக் காலியாயிற்று. 1950 முதல் 1990 வரை அங்கே நடந்த அகழாய்வில் உழவர் வீடுகளின் அடித்தளங்களும் வெளிப்பட்டன.

வேலியால் விளைச்சல் பெருகியதே என்று சிலர் கேட்கலாம். பெருகியது உண்மைதான். ஆனால் அதன் விலையைக் கொடுத்தவர் யார்? வழக்கத்தால் பொது நிலத்தை நம்பி வாழ்ந்து, சட்டப்படி உரிமையை மெய்ப்பிக்க இயலாதவர்கள் வெறுங்கையராயினர். சட்டமும் வரைபடமும் எழுதத் தெரிந்தவர்களின் சாட்சியம். எழுதத் தெரியாதவர்களின் சாட்சியம் அந்த உழவு மேடுகள். என் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். எனக்கு முன்னிருந்த தலைமுறைகள் ஒரு வரியும் எழுதி வைக்கவில்லை. ஆகவே, ஏடில்லாதவர்க்கு வரலாறு இல்லை என்பதை என்னால் ஏற்க முடியாது.

20-ஆம் நூற்றாண்டின் இயந்திர உழவு அம்மேடுகளில் பலவற்றைச் சமமாக்கிவிட்டது. அரண்மனை இடிந்தால் நாடே பதறுகிறது. உழவு மேடு அழிந்தால் கேட்பாரில்லை. எஞ்சியவற்றையேனும் காப்பது அறிவுலகின் கடமை. அரசனின் மாளிகைக்கு உள்ள காவல் உழவனின் வயலுக்கும் வேண்டும்.