ஆசிரியருக்கும் உடல் உண்டு

சனிக்கிழமை. பள்ளிக்கு விடுமுறை, பயிற்சிக்கு விடுமுறை இல்லை. வட்டார வள மையத்தின் மண்டபத்தில் ஆசிரியப் பெருமக்கள் நூறு பேர் அமர்ந்திருப்பதாக எண்ணிப் பாருங்கள், தோழர்களே! மேடையில் நகரத்திலிருந்து வந்த வல்லுநர் ஒருவர். இனிமையாகப் பேசுகிறார், குறை சொல்வதற்கில்லை. "உங்கள் நலத்தை நீங்கள்தான் பேணிக்கொள்ள வேண்டும். மூச்சை ஆழ்ந்து இழுங்கள். மனத்தை ஒருமைப்படுத்துங்கள். நாளொன்றுக்கு 3 லிட்டர் தண்ணீர் பருகுங்கள்" என்கிறார். கடைசி வரிசையில் ஓர் ஆசிரியை பக்கத்து ஆசிரியையைப் பார்க்கிறார்; இருவர் இதழிலும் குறுநகை. காலை எட்டு மணிக்குப் பேருந்து ஏறுமுன் தொண்டையை நனைத்துக்கொண்டவர், மாலை ஐந்துக்கு வீடு திரும்பும் வரையில் தண்ணீரைத் தொடுவதில்லை. பருகினால் போக வேண்டிய இடம் அவர் பள்ளியில் இல்லை; இருந்தால் பூட்டிக் கிடக்கும்; பூட்டில்லையேல் கதவும் இராது. ஆண்டுக்கு இருமுறை சிறுநீர்த் தொற்றுக்கு மருந்துச் சீட்டு வாங்கி வருகிறார். இதை மேடையில் எழுந்து சொல்ல நாணம் தடுக்கிறது. குறிப்பேட்டில் '3 லிட்டர்' என்று எழுதிக்கொள்கிறார்.

உடல், உள்ளம், உறக்கம், உறவு யாவும் ஒருங்கே செழிக்கும் முழுநலம் பற்றி இந்நாளில் எங்கும் பேச்சு. நல்ல பேச்சுத்தான். ஆனால் நம் மொழியில் ஒரு விந்தை உண்டு. 'தன் நலம்' என்னும் இரு சொற்களுக்கிடையே உள்ள இடைவெளியைச் சற்றே நெருக்கினால் 'தன்னலம்' ஆகிவிடும், போற்றத்தக்கது தூற்றத்தக்கதாகிவிடும். பள்ளிக்கூடத்திலும் அதுவே நடக்கிறது. சனியன்று 'தன் நலம் பேணுக' என்று கேட்டுத் திரும்பிய அந்த ஆசிரியை, திங்களன்று காய்ச்சலுக்கு ஒரு நாள் விடுப்புக் கேட்டால், தன்னலக்காரி என்ற பட்டம் உடன் பணிபுரிபவரிடமிருந்தே கிடைக்கும். உடன் பணிபுரிபவர் கொடியவரா? இல்லை, அவர் ஒருவர்தான் அங்கே இருக்கிறார்!

2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் வகுத்த கணக்கு இது: தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர்கள். வகுப்புகளோ 5. இருவரில் ஒருவர் தலைமையாசிரியர். அவரைக் கூட்டத்துக்கு அழைத்துவிட்டால், அல்லது அவர் நோயுற்றுவிட்டால், 5 வகுப்புக்கும் ஒரே குரல். சட்டம் மீறப்பட்டதால் வந்த நிலையன்று இது. சட்டத்தை எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றினால் வரும் நிலை. ஆண்டுக்கு 12 நாள் தற்செயல் விடுப்பு என்று அரசாணை சொல்லும். எடுத்தால் இன்னொருவர் முதுகில் சுமை ஏறும் என்பதை அறிந்த நெஞ்சம், எடுக்க விடுவதில்லை. ஆகவே காய்ச்சலும் பள்ளிக்கு வருகிறது; கரும்பலகை முன்னே நிற்கிறது.

ஆசிரியரின் உடல்நலமும் மனநலமும் அவரவர் ஒழுக்கத்தையும் மூச்சுப் பயிற்சியையும் மட்டும் பொறுத்த சொந்த விவகாரம் என்று கருதுவோர் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கட்டும். எத்தனை பேர், எவ்வளவு நேரம், எந்த வேலை, எத்தகைய இடம் என்பவற்றை முடிவு செய்கிறவர்கள் ஆட்சி மன்றத்தில் இருக்கிறார்கள். ஆகவே இது அரசியல். நம் கிளைக் கூட்டங்களில் இடம்பெற வேண்டிய அரசியல்.

குரலை எடுத்துக்கொள்வோம். நாம் பேசும்போது குரல்வளையில் இரு மெல்லிய மடிப்புகள் ஒன்றோடொன்று மோதி அதிர்கின்றன. ஆண் பேசினால் நொடிக்கு 100 தடவைக்கு மேல், பெண் பேசினால் ஏறத்தாழ 200 தடவை. தகரக் கூரையின்கீழ், பாதிச் சுவருக்கு அப்பால் அடுத்த வகுப்பு வாய்ப்பாடு ஒப்பிக்க, சாலையில் பேருந்து ஊதுகுழல் அலற, அதற்கும் மேலே குரலெழுப்பி நாள்தோறும் ஐந்து மணி நேரம் பேசுகிறவரின் தொண்டை என்ன பாடுபடும்! மடிப்புகள் வீங்கும், காய்ப்புக் காய்க்கும், மண்வெட்டி பிடித்த உள்ளங்கையைப் போல. உழவரின் கையில் காய்த்தால் உழைப்பின் அடையாளம் என்கிறோம். ஆசிரியையின் தொண்டையில் காய்த்தால் பனங்கற்கண்டும் மிளகும் சாப்பிடச் சொல்கிறோம். போலந்து நாட்டில், நீண்ட காலம் குரலை வருத்தியதால் ஆசிரியர்க்கு வரும் குரல்நோயைத் தொழில்சார் நோய்களின் பட்டியலில் சேர்த்து, அதற்கு ஈடும் வழங்குகிறார்கள். கழுத்தில் மாட்டிக்கொள்ளும் சிறிய ஒலிபெருக்கி ஒன்று இருந்தால் பாதி வேதனை தீரும். கூட்டத்துக்குக் கூட்டம் ஒலிபெருக்கி கட்டும் நமக்கு இது தோன்றாமற் போனதுதான் வியப்பு.

'ஆசிரியர் தெய்வத்துக்கு ஒப்பானவர்' என்று புகழ்வதில் நம் நாட்டாரை மிஞ்சுவார் இல்லை. 1962 முதல் ஆண்டுதோறும் செப்டம்பர் 5 அன்று மாலை மரியாதை. தெய்வத்துக்குப் பசியில்லை, களைப்பில்லை, கால் வலியில்லை; ஆகவே தெய்வத்துக்கு நாற்காலி தேவையில்லை! இந்தப் புகழுரை நீதிமன்றப் படியேறியும் ஆசிரியரின் உரிமையைப் பறித்திருக்கிறது என்றால் நம்புவீர்களா? 1988ஆம் ஆண்டு, வேலைநீக்கப்பட்ட ஓர் ஆசிரியை தொழில் தகராறு சட்டத்தின்படி நியாயம் கேட்டு உச்சநீதிமன்றம் வரை சென்றார். கற்பித்தல் ஒரு திருப்பணி போன்றது, உயர்ந்த தொண்டு. ஆகவே ஆசிரியர் அச்சட்டம் கூறும் 'தொழிலாளி' அல்லர் என்று தீர்ப்பாயிற்று. 2004இல் பணிக்கொடைச் சட்டத்தின்கீழும் ஆசிரியர் வரமாட்டார் என்றது அதே மன்றம்; சட்டம் சொல்லும் வேலை வகைகள் எதிலும் கற்பித்தல் அடங்கவில்லையாம். எழுத்தர் அடங்குவார், வாயிற்காவலர் அடங்குவார், ஆசிரியர் அடங்கமாட்டார். 2009இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, 1997 ஏப்ரல் 3ஆம் நாளிலிருந்தே செல்லும் என்றது. தனியார் பள்ளி முதலாளிகள் விட்டார்களா? வழக்குத் தொடுத்தார்கள். 2022 ஆகஸ்டு 29 அன்று திருத்தம் செல்லும் என்று தீர்ப்பு வந்தபோது, இடைப்பட்ட ஆண்டுகளில் ஓய்வு பெற்ற எத்தனையோ ஆசிரியர்கள் காத்திருந்து களைத்திருந்தார்கள்.

உயிரைப் பறித்த கதையும் உண்டு. 2021 ஏப்ரலில், கொரோனாவின் இரண்டாம் அலை சுடுகாடுகளை நிரப்பிக்கொண்டிருந்த நாட்களில், உத்தரப்பிரதேசத்தில் ஊராட்சித் தேர்தல் நடத்தினார்கள். வாக்குச்சாவடிப் பணிக்கு ஆசிரியர்கள் அனுப்பப்பட்டார்கள். அந்தப் பணியை ஒட்டிக் கொரோனாவுக்கு இரையான ஆசிரியர்கள், பள்ளி ஊழியர்கள் 1,621 பேர் என்று மே மாதத்தில் அங்குள்ள தொடக்கப்பள்ளி ஆசிரியர் சங்கம் பட்டியல் கொடுத்தது. கல்வித் துறை திருப்பிச் சொன்ன எண்ணிக்கை என்ன தெரியுமா? 3. ஆம், மூன்றே மூன்று! வீட்டை விட்டுப் புறப்பட்டது முதல் திரும்பி வரும் வரையில் இறந்தால்தான் 'தேர்தல் பணியில் இறப்பு' என்பது விதியாம். நோய்க்கிருமி விதிப்புத்தகம் படித்துவிட்டா வருகிறது? நாடெங்கும் கண்டனம் எழுந்த பின்னரே, பணி முடிந்த 30 நாட்களுக்குள் இறந்தவர்களையும் கணக்கில் எடுப்பதென்று அந்த அரசு விதியை மாற்றியது. குடும்பங்களுக்கு இழப்பீடு கிடைத்தது. பட்டியலைத் தூக்கிக்கொண்டு சங்கம் தெருவுக்கு வராதிருந்தால் மூன்று மூன்றாகவே இருந்திருக்கும்.

மக்கட்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் உதவி, தேர்தல் இவை தவிரக் கல்வி சாராத வேறு பணிக்கு ஆசிரியரை அனுப்பக் கூடாது என்பது கல்வி உரிமைச் சட்டத்தின் 27ஆம் பிரிவு. அனுப்பத் தேவையில்லையே, பணியையே பள்ளிக்கு அனுப்பிவிடலாமே! ஆதார் எண் சரிபார்ப்பு, வங்கிக் கணக்கு விவரம், சீருடை அளவு, விலையில்லா மிதிவண்டிக் கணக்கு, எமிஸ் தளத்தில் நாள்தோறும் ஏற்ற வேண்டிய பதிவுகள். திட்டங்கள் நல்லவை, பிள்ளைகளுக்கு வேண்டியவை, அவற்றைக் குறை கூறமாட்டேன். கணக்கெழுத ஓர் எழுத்தரைத் தராமல் திட்டத்தைத் தருவதைத்தான் குறை கூறுகிறேன். இணையம் வராத ஊரில், இரவு பதினொரு மணிக்கு, தம் பிள்ளையின் பாடத்தைப் பார்க்க நேரமின்றிக் கைப்பேசியைத் தேய்த்துக்கொண்டிருக்கும் ஆசிரியைக்கு 'உறங்குமுன் கைப்பேசியைத் தொடாதீர்' என்று முழுநலப் பயிற்சியில் சொல்கிறார்கள்.

நம் தோழர்களில் பலர் உள்ளத்தில் ஒரு முணுமுணுப்பு இருப்பதை நான் அறிவேன். 'கை நிறையச் சம்பளம் வாங்குகிறார்கள்; வெயிலில் நிற்கும் நம்மைவிட அவர்களுக்கு என்ன துன்பம்?' நேர்மையான கேள்வி. அரசுப் பள்ளியின் நிரந்தர ஆசிரியர் பெறும் ஊதியம் குறைவானதன்று, கடமையில் கண்ணயர்வாரும் அவர்களில் உண்டு, மறைப்பானேன்? ஆனால் பள்ளிக்கூடம் என்பது நிரந்தர ஆசிரியர் மட்டுமா? 2012இல் தமிழகத்தில் பகுதிநேர ஆசிரியர்களை மாதம் 5,000 ரூபாய்த் தொகுப்பூதியத்துக்கு அமர்த்தினார்கள். ஓவியமும் உடற்பயிற்சியும் தையலும் கற்பித்தவர்கள் அவர்கள். தனியார் பள்ளி ஆசிரியையைப் பாருங்கள்: மூலச் சான்றிதழ்களை நிருவாகத்தின் இரும்புப் பெட்டியில் ஒப்படைத்துவிட்டு, கோடை விடுமுறைக்குச் சம்பளம் உண்டா என்பதைக் கேட்கவும் அஞ்சி நிற்பவர்கள் எத்தனை ஊரில்!

அடுப்படிக்கு வாருங்கள். 1956இல் காமராசர் காலத்தில் பரவிய மதிய உணவு, 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவாக விரிந்தது. 2022 செப்டம்பரில் காலை உணவும் சேர்ந்தது. நாடு போற்றும் திட்டங்கள். அந்தச் சோற்றை வடிக்கும் கைகளைப் போற்றியவர் எத்தனை பேர்? கொதிக்கும் அண்டாவை இருவராகத் தூக்கி இறக்கும் பெண்களின் இடுப்பு, புகையில் பழுத்த கண்கள், இவை எந்த முழுநலப் பயிற்சியிலும் பேசப்படுவதில்லை. அவர்களைப் பயிற்சிக்கு அழைப்பதே இல்லை. 2009 டிசம்பரில் ஒன்றிய அரசு நாடு முழுமைக்கும் இவர்களுக்கு நிர்ணயித்த மதிப்பூதியம் மாதம் 1,000 ரூபாய், அதுவும் ஆண்டில் 10 மாதத்துக்கு. தமிழ்நாடு தன் கருவூலத்திலிருந்து கூடுதலாகத் தருகிறது; தந்தாலும் சமையல் உதவியாளரின் முதுகுவலிக்கு அது மருந்தாகிவிடுவதில்லை. கழிவறையைக் கழுவும் தூய்மைப் பணியாளர்க்குக் கையுறை உண்டா என்று கேட்டால் பல பள்ளிகளில் சிரிப்பார்கள்.

மனநலம் பற்றியும் ஒரு சொல். உள்ளம் உடைந்த ஆசிரியர் மருத்துவரிடம் போக அஞ்சுகிறார். 'வாத்தியாருக்குப் புத்தி கலங்கிவிட்டதாம்' என்று ஊர் பேசுமே! 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கப்பட்ட 'டெலி மானஸ்' தொலைபேசி உதவி, 14416 என்ற எண்ணில், பெயரைச் சொல்ல அஞ்சுவோருக்கும் பேச வழி செய்திருக்கிறது. ஆசிரியர் அறைச் சுவரில் எழுதிவைக்கத் தக்க எண். சோர்வு முற்றிய கை பிரம்பைத் தேடுகிறது என்பதையும் நாம் மறைக்கலாகாது. பிள்ளைகளை அடிப்பது சட்டப்படி குற்றம். அதற்கு நியாயம் கற்பிக்க வரவில்லை. ஆனால் அடித்தவரைத் தண்டித்த கையோடு, அவர் எத்தனை பிள்ளைகளுடன் எத்தனை மாதம் தனியே நின்றார் என்றும் விசாரித்த அதிகாரியை நான் இதுவரை கண்டதில்லை.

வழி தெரியாமலா இருக்கிறது? 1966 அக்டோபர் 5 அன்று பாரிசில் கூடிய நாடுகளின் மாநாடு, ஆசிரியர் நிலை குறித்து விரிவான பரிந்துரை ஒன்றை ஏற்றது. காலந்தோறும் கட்டணமில்லா மருத்துவப் பரிசோதனை வேண்டும். கற்பித்தல் அல்லாத வேலைகளுக்குத் துணைப் பணியாளர் வேண்டும். ஒவ்வொரு பிள்ளையையும் கவனிக்கத்தக்க அளவில் வகுப்பு இருக்க வேண்டும் என்றெல்லாம் அதில் உண்டு. அந்த நாளைத்தான் 1994 முதல் உலக ஆசிரியர் நாளாகக் கொண்டாடுகிறார்கள். நாளைக் கொண்டாடுகிறோம், ஏட்டைத் திறப்பதில்லை. சில பள்ளிகளுக்குப் பொதுவாக ஓர் எழுத்தர். விடுப்பில் போவார்க்கு மாற்றாக ஒன்றியத்துக்குச் சில பதிலி ஆசிரியர். தாழ்ப்பாளும் தண்ணீரும் உள்ள கழிவறை. வகுப்புக்கு ஒரு நாற்காலி. இவற்றைக் கேட்டுப் பெற்ற பிறகு மூச்சுப் பயிற்சியும் நடக்கட்டும். நானும் வந்து அமர்கிறேன். மூச்சுப் பயிற்சியால் உறக்கம் பெற்றவர்களை அறிவேன். அதைப் பழிப்பது என் நோக்கமன்று.

நம் வீட்டு முற்றத்தையும் கூட்டிவிடுவோம். பள்ளி விழாவுக்குப் பத்து மணிக்கு வருவதாகச் சொல்லிவிட்டு ஒரு மணிக்கு வரும் பிரமுகர்களில் நம்மவர் இல்லையா? பிள்ளைகளை வரிசையில் நிறுத்திவிட்டு வெயிலில் நின்ற ஆசிரியைகள் எத்தனை பேர்? கட்சிக்காரர் என்ற மிடுக்கோடு வகுப்பு நடக்கும்போதே உள்ளே புகுந்து சான்றிதழ் கேட்கும் வழக்கம் நம் கிளைகளில் அறவே இல்லையா? முதலில் அதை நிறுத்த வேண்டும்.

அடுத்த கிளைக் கூட்டத்துக்கு முன் ஒவ்வொரு கிளைச் செயலாளரும் தம் ஊர்ப் பள்ளிக்குப் போய்வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். கொடியும் துண்டும் வேண்டா. வகுப்பு நேரத்தில் போக வேண்டா. அலுவலக அறையில் வைத்துக் கேட்டால், 'குறையொன்றுமில்லை, ஐயா' என்றுதான் விடை வரும். தலைமையாசிரியர் பக்கத்தில் இருப்பார். மாலை நாலரை மணிக்கு மேல் பேருந்து நிறுத்தத்தில் நின்றுகொண்டிருப்பார்கள். சமையல் அக்கா கதவைப் பூட்டிக்கொண்டு பின்னால் வருவார். அங்கே கேளுங்கள், கழிவறைக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா என்று.