கொல்லத்துக் கடலில் கிடப்பது ‘கட்டுமான மணல்’ அன்று

ஒன்றியச் சுரங்க அமைச்சகம் 2024 நவம்பர் 28 அன்று நாட்டின் முதல் கடலடிக் கனிம ஏலத்தைத் தொடங்கியது. ஏலத்துக்கு வந்த 13 தொகுதிகளுள் மூன்று கொல்லத்துக்கு அப்பால் உள்ளவை. அங்கே அள்ளவிருக்கும் பொருளுக்கு ஆவணம் சூட்டிய பெயர் ‘கட்டுமான மணல்’. மொழியியல் பயின்றவன் ஆதலால் என் மறுப்பு அந்தப் பெயரிலிருந்தே தொடங்குகிறது.

ஏறத்தாழ ஐம்பது, அறுபது மீட்டர் ஆழத்தில் புழுவும் சிப்பியும் நண்டும் குடியிருக்கும் ஒரு தரையை, இன்னும் கட்டப்படாத ஒரு சுவரின் பகுதியாக மட்டுமே காட்டும் பெயர் அது. மீனவர் அந்தக் கடலைக் ‘கொல்லம் பரப்பு’ என்பர். கடலுக்குப் பரவை என்றொரு பெயர் உண்டு என அறிந்தோருக்கு அச்சொல்லின் உறவு விளங்கும். கேரளக் கடலடியில் 74.5 கோடி டன் மணல் இருப்பதாக இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை கணக்கிட்டிருக்கிறது. டன் கணக்கு வந்துவிட்டது. அதே தரையின் உயிர்க்கணக்கு ஏலத்துக்கு முன் ஏன் கேட்கப்படவில்லை?

‘மீனவர்கள் உணர்ச்சிவயப்படுகிறார்கள், தரவு வரட்டும்’ என்போர் நம் வளாகங்களில் குறைவில்லை. 2025 பிப்ரவரி 27 அன்று கேரள மீனவர்கள் கடலுக்குச் செல்லாமல் நின்றபோதும் இதையே சொன்னார்கள். தரவு வருமுன்பே ஏலம் விட்டவர்களிடம் இந்தப் பொறுமையை இவர்கள் கேட்பதில்லை.

அடிப்படைத் தரவோ புதிதன்று. 1960களின் பன்னாட்டு இந்தியப் பெருங்கடல் ஆய்வுப் பயணக் காலத்திலிருந்தே நம் கரையின் மேலெழுநீர் பற்றி எழுதப்பட்டு வருகிறது. தென்மேற்குப் பருவத்தில் கரையோர மேல்நீர் காற்றாலும் புவிச்சுழற்சியாலும் கரையைவிட்டு விலகுகிறது. அவ்விடத்துக்குக் கீழிருந்து குளிர்ந்த நீர் ஏறி வருகிறது. நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் சிலிக்கேட்டும் அதனுடன் வருகின்றன. வெளிச்சம் எட்டும் அடுக்கில் டயாட்டம் என்னும் நுண்பாசி பெருகுகிறது. சாளை அதை மேய்ந்து கொழுக்கிறது. மேய்ச்சலுக்குத் தப்பியது மடிந்து அடியில் படிய, பாக்டீரியாவும் புழுக்களும் அதைச் சிதைத்து ஊட்டத்தை மீண்டும் நீருக்கே தருகின்றன. ஆழம் குறைந்த கண்டத்திட்டில் தரையும் நீரும் ஒரே கணக்கின் வரவும் செலவுமாகும். இந்த வேலையில் பெரும்பகுதி படிவின் மேல் சில சென்டிமீட்டரில் நடக்கிறது. உறிஞ்சு கப்பல் முதலில் எடுப்பது அந்தச் சில சென்டிமீட்டரைத்தான். கிளறப்படும் நுண்சேறு வெளிச்சத்தை மறைக்கும். நீரை வடித்து உண்ணும் உயிர்கள்மீது படியும். பருவத்தின் பிற்பகுதியில் உயிர்வளி குன்றிய நீர் இக்கண்டத்திட்டின்மேல் ஏற்கெனவே நிற்கிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

மணல் மீண்டும் சேராதா என்று கேட்கலாம். கடைசிப் பனியூழியின் உச்சத்தில், சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், கடல்மட்டம் இன்றையதைவிட 120 மீட்டர் அளவு தாழ்ந்திருந்தது. பின்னர் கடல் ஏறி வந்தபோது பழைய கரைகள் விட்டுச்சென்ற எச்சமணல்தான் வெளித்திட்டில் கிடக்கிறது. இன்றைய ஆறுகள் அதை நிரப்பா. வெள்ளம் ஆண்டுதோறும் மணல் கொண்டுவந்த ஆறுகளையே வாரி முடித்துவிட்டு, 2001இல் ஆற்றுமணலுக்குக் கட்டுப்பாட்டுச் சட்டம் கொண்டுவந்த மாநிலம் இது. நெய்யாற்றங்கரையில் வாழ்வோருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இதில் இன்னொன்று: கடல்மணலின் உப்பைக் கழுவாமல் கம்பிக் கான்கிரீட்டில் இட முடியாது, கழுவ நன்னீர் வேண்டும்.

மணல் அள்ளாமலேயே இக்கடல் எவ்வளவு ஆட்டங்காணும் என்பதற்குச் சாளையே சான்று. கேரளத்தில் 2012இல் நான்கு லட்சம் டன்னை நெருங்கிய அதன் வரத்து 2021இல் 3,297 டன்னாகச் சரிந்தது.

கேரளச் சட்டமன்றம் 2025 மார்ச்சில் ஏலத்துக்கு எதிராகத் தீர்மானம் இயற்றியது, நன்று. ஆயினும் உரிமைத்தொகை யாருக்கு என்ற வழக்காக இது சுருங்கினால், தொகையைப் பங்கிட்டவுடன் எதிர்ப்பும் அடங்கிவிடும். 2022இல் விழிஞ்ஞத்தில் கரையரிப்பு ஆய்வு கேட்டு மீனவர்கள் மாதக்கணக்கில் போராடியபோது இதே மாநில அரசு எப்பக்கம் நின்றது என்பது நினைவிருக்கட்டும்.

தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் இதைக் ‘கேரளப் பிரச்சினை’ என ஒதுக்குவதும் எனக்குப் புரியவில்லை. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு சென்னை மாநிலத்துக்குப் போயிற்று. நெய்யாற்றின்கரை இங்கேயே நின்றது. பாறசாலை வழியே செல்லும் அந்த எல்லை பொழியூருக்கும் நீரோடிக்கும் இடையே மணலில் முடிந்துவிடுகிறது. தூத்தூர் வட்டாரத்து ஆழ்கடல் மீனவர் கொச்சியைத் தளமாகக் கொண்டே தொழில் செய்கின்றனர். அவர்கள் வலைக்கு எந்த மாநிலத்து மீன் வருகிறது?

எல்லாவற்றுக்கும் மேலான குற்றச்சாட்டு என் துறைமீதே. எல்லையின் இருபுறத்துக் கடலோடிகளும் ‘பார்’ என்ற ஒரே சொல்லை வழங்குகின்றனர். நம் வட்டார வழக்கு ஆய்வேடுகள் அதற்கு ‘கடலடிப் பாறை’ என ஒருவரிப் பொருள் எழுதி, ‘தொழிற்சொற்கள்’ என்னும் பின்னிணைப்பில் அடக்கிவிடுகின்றன. எந்தப் பார், எத்தனை பாகம் ஆழம், சுற்றிலும் மணலா சேறா, எம்மாதம் என்ன மீன் என்பதையெல்லாம் சொன்னவர் சொல்லத்தான் செய்தார், கேட்டவர் எழுதவில்லை. கரையின் மலைமுகட்டையும் கோபுரத்தையும் நேர்கோட்டில் வைத்துக் கண்ணுக்குத் தெரியாத பாரின் மேல் படகை நிறுத்தும் கணிச்சம் ஓர் அளவைமுறை. நாம் அதை நாட்டார் வழக்காறு என்று வகைப்படுத்திப் பட்டம் பெற்றோம். எழுதியிருந்தால் ஏல வரைபடத்தின்மேல் விரித்துக் காட்ட இன்று கையில் ஒரு படம் இருந்திருக்கும்.

நான்கு பருவங்களிலும் படிவு, கலங்கல், உயிர்வளி, அடிவாழ் உயிர்கள் ஆகியவற்றை அளந்து, கடலோடிகளின் பார்ப்பட்டியலோடு பொருத்திப் பார்க்கும்வரை இத்தொகுதிகளை ஏலப்பட்டியலிலிருந்து நீக்க வேண்டும். வழக்குச்சொல் தொகுக்கும் மாணவர்கள் அடுத்தமுறை பொழியூருக்கோ பூவாருக்கோ செல்லும்போது ஒலிப்பதிவுக் கருவியோடு ஒரு கடல் வரைபடத்தையும் எடுத்துச் செல்லுங்கள்.