மூடிவைத்தால் நம்பிக்கையா?



ரோமாபுரியிலுள்ள புனித பேதுரு பேராலயத்தில், பரோக் காலத்தின் பெரும் சிற்பியாகிய பெர்னினி அமைத்த போப்பாண்டவர் கல்லறைகள் இரண்டு உள்ளன. இரண்டிலும் மரணம் எலும்புக்கூடாக வருகிறது. ஆயினும் அவை சொல்லும் செய்தி ஒன்றல்ல.

முதலாவது கல்லறை எட்டாம் உர்பானுடையது; 1647இல் முடிக்கப்பட்டது. அவர் மும்முடி தரித்து, சிங்காசனத்தில் வீற்றிருந்து, கை உயர்த்தி ஆசீர்வதிக்கிறார். கீழே சிறகுள்ள எலும்புக்கூடு ஒன்று ஏட்டில் அவருடைய பெயரை எழுதுகிறது. மரணம் தன் கணக்கை எழுதினாலும், மேலே இருப்பவர் இன்னும் அரசாளுகிறவராகவே காணப்படுகிறார்.

இரண்டாவது ஏழாம் அலெக்சாண்டருடையது. 1655இல் போப்பாகத் தெரிந்துகொள்ளப்பட்ட நாட்களிலேயே, பளிங்கில் ஒரு மண்டையோடு செய்து தரும்படி பெர்னினியிடம் கேட்டவர் இவர். 1678இல் இக்கல்லறை முடிந்தபோது சிற்பிக்கு ஏறக்குறைய எண்பது வயது. இங்கே சிங்காசனம் இல்லை. வெறுந்தலையோடு, கரங்களைக் குவித்து, போப் முழங்காலிட்டிருக்கிறார். அவருக்குக் கீழே செந்நிறக் கல்லில் செதுக்கிய பெரிய திரை மடிமடியாய்ச் சரிகிறது. அதன் அடியில் மெய்யாகவே ஒரு கதவு உண்டு. அதன்மேல், திரையை விலக்கிக்கொண்டு எலும்புக்கூடு எழுகிறது. அதன் கையில் மணற்கடிகாரம் உயர்ந்து நிற்கிறது.

மரணத்தை மறைக்கவேண்டிய திரையை மரணமே தூக்குகிறது. ஆனாலும் ஜெபிக்கிறவர் ஜெபத்தை விட்டு எழவில்லை. என் பார்வையில், நம்பிக்கையை மெய்யாய்க் காட்டுவது இக்கல்லறையே.

இதை நான் எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன், மரணப்படுக்கையில் இருந்த ஒரு பெரியவரைச் சந்திக்கச் சென்றேன். "ஐயரே, சாவைப் பற்றி மட்டும் பேசிவிடாதீர்கள்" என்று வீட்டார் வாசலிலேயே கேட்டுக்கொண்டார்கள். நானும் சுகத்திற்காக மாத்திரம் ஜெபித்துத் திரும்பினேன். அவர் என் கையை விடாமல் பிடித்திருந்தார். ஏதோ கேட்க விரும்பினார். நான் இடங்கொடுக்கவில்லை. மூன்றாம் நாள் அவரை அடக்கம்பண்ணினோம். அன்று நான் விசுவாசம் என்று எண்ணியது, உண்மையில் என் பயமே.

அலெக்சாண்டரைச் சுற்றி அன்பு, சத்தியம், விவேகம், நீதி என்னும் நற்பண்புகள் பெண்ணுருவில் நிற்கின்றன. அவை அழகானவை, ஆனால் எந்த நற்பண்பும் அந்தக் கதவைத் திறக்காது. அதற்குள் சென்று, மூன்றாம் நாளில் உயிரோடு வெளியே வந்த ஒருவர்மேல்தான் நம் நம்பிக்கை நிற்கிறது. அவரும் மரணத்திற்குத் திரைபோடவில்லை. லாசருவை எழுப்பப்போகிறோம் என்று அறிந்திருந்தும், அவனுடைய கல்லறையண்டையில் கண்ணீர் விட்டார்.

அன்பானவர்களே, உங்கள் வீட்டில் யாராவது தங்கள் முடிவைக் குறித்துப் பேச விரும்பினால், "அப்படிச் சொல்லாதீர்கள்" என்று வாயை அடைக்காதிருங்கள். அருகே அமருங்கள், கேளுங்கள், பிறகு அவர்களோடு முழங்காலிடுங்கள். உயிர்த்தெழுந்த ஆண்டவரை அறிந்த நமக்குத் திரை எதற்கு?

கர்த்தர்தாமே உங்களைத் திடப்படுத்துவாராக. ஆமென்.