"லாபம் இருக்கே, அப்புறம் என்ன?"

பிரிக்பீல்ட்ஸ் வாழையிலைக் கடையில் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் பக்கத்து மேசையிலிருந்து பங்குச் சந்தைப் பேச்சு காதில் விழும். எங்கே சுற்றினாலும் கடைசியில் இங்கேதான் வந்து நிற்கும்: "லாபம் இருக்கே அண்ணே, அப்புறம் என்ன? மத்ததை ஆடிட்டர் பார்த்துக்குவார். நமக்கு அந்தக் கணக்கெல்லாம் புரியாது." மூன்றுமே தவறு என்பது என் கட்சி.

முதலில் லாபம். கிள்ளானில் ஜாலான் தெங்கு கிளானாவில் ஒரு சேலைக் கடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதலாளி தீபாவளிக்கு 2 லட்சம் ரிங்கிட்டுக்குச் சரக்கு இறக்குகிறார், காசையும் உடனே கொடுத்துவிடுகிறார். பண்டிகைக்குள் பாதிச் சரக்கு 1,50,000 ரிங்கிட்டுக்கு விற்றுப்போகிறது. அதில் 40,000 ரிங்கிட் பந்திங், கோலசிலாங்கூர் சில்லறைக் கடைகளுக்குக் கடனாகப் போனது. விற்ற சரக்கின் அடக்கம் 1 லட்சம். ஆக ஏட்டில் 50,000 லாபம். கல்லாவில்? போனது 2 லட்சம், வந்தது 1,10,000. பள்ளம் 90,000. வாடகையும் சம்பளமும் இன்னும் கழிக்கவே இல்லை. முதலாளி பொய் சொல்லவில்லை, ஏடும் பொய் சொல்லவில்லை. லாபம் அலமாரியில் மடித்த சேலையாகவும் ஊரார் பாக்கியாகவும் இருக்கிறது, அவ்வளவுதான்.

நம்மவர்களுக்கு இது புதுப் பாடமும் அல்ல. கோலாலம்பூர் லெபோ அம்பாங்கில் கிட்டங்கி வைத்திருந்த செட்டியார்கள் ஐந்தொகை எடுத்து ஊருக்கு அனுப்பியவர்கள். 1930களின் மந்தத்தில் ரப்பர் விலை விழுந்தபோது பேரேட்டில் வட்டி ஏறிக்கொண்டிருந்தது. பல இடங்களில் கைக்கு வந்ததோ அடமானத் தோட்டம். தோட்டத்தைக் கொண்டுபோய்ச் சம்பளம் போட முடியுமா?

அடுத்தது ஆடிட்டர். ஷா ஆலமில் தலைமையகம் வைத்திருந்த செர்பா டினாமிக் என்ற நிறுவனம் 2017 பிப்ரவரியில் பங்கு ஒன்று 1.50 ரிங்கிட் என்று சந்தைக்கு வந்தது. விற்பனையும் லாபமும் ஏறுமுகம். அதே வேகத்தில் வெளிக்கடனும் வாங்கியது. 2019இல் 30 கோடி டாலர் சுகூக், அதாவது இஸ்லாமிய முறைக் கடன் பத்திரம். 2021 மே மாதம், அதன் தணிக்கையாளரான கேபிஎம்ஜி சுமார் 454 கோடி ரிங்கிட் கணக்குகள் பற்றிக் கேள்வி எழுப்பியிருந்தது வெளியே வந்தது. விற்பனை, வரவேண்டிய பாக்கி, கொடுக்கவேண்டிய பாக்கி, வேலைத் தளத்தில் கிடந்த பொருள்கள்: எல்லாம் அதில் அடக்கம். நிறுவனம் தணிக்கையாளர் மீதே வழக்குப் போட்டது. அந்த வருடக் கடைசியில் சுகூக் தவணை தவறியது. 2020க்குக் காட்டிய 601 கோடி ரிங்கிட் வருவாய் தவறான தகவல் என்று நீதிமன்றத்தில் குற்றச்சாட்டு வந்தது. 2022இல் நிறுவனமும் அதிகாரிகளும் மொத்தம் 1 கோடியே 60 லட்சம் ரிங்கிட் தண்டம் கட்டியதோடு அது முடிந்தது. 2023 ஜனவரியில் நிறுவனத்தைக் கலைக்க உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.

ஆடிட்டர் தன் வேலையைச் செய்தார் என்றே சொல்வேன். ஆனால் அவர் மணியடித்த பிறகுதான் முழித்துக்கொள்வேன் என்றால், கதவருகே உங்களுக்கு முன்னால் பல ஆயிரம் பேர் நிற்பார்கள்.

"நமக்குப் புரியாது" என்பதற்கு நீண்ட பதில் தேவையில்லை. சீட்டுக் கணக்கைச் சென் பிசகாமல் மனதில் வைத்திருக்கும் அக்காமார்களை எனக்குத் தெரியும். ஆண்டறிக்கை புர்சா மலேசியா தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ரொக்க ஓட்ட அறிக்கை என்ற பக்கத்தைத் திறங்கள். தொழிலில் வந்த காசு, சொத்து வாங்கிய விற்ற காசு, கடனாலும் பங்காலும் வந்த காசு என்று மூன்றாகப் பிரித்திருப்பார்கள். முதல் பகுதியின் மொத்தத்தை லாபத்துக்குப் பக்கத்தில் எழுதுங்கள், மூன்று நான்கு வருடத்துக்கு. லாபம் ஏறிக்கொண்டே போக, தொழிலில் வந்த காசு மட்டும் மைனஸிலேயே கிடந்து, பள்ளத்தைக் கடன் நிரப்பினால், வரவேண்டிய பாக்கி விற்பனையைவிட வேகமாக வளர்கிறதா என்று பாருங்கள்.

மைனஸ் என்றாலே திருட்டு என்று பதறவும் வேண்டாம். செப்டம்பரில் பார்த்தால் அந்தச் சேலைக் கடையும் மைனஸ்தான். பொங்கல் கழிந்தும் பந்திங் பாக்கி வரவில்லை, மீதிச் சரக்கும் அலமாரியிலேயே இருக்கிறது என்றால்தான் முதலாளியிடம் பேச வேண்டும்.